தலைவர் வீட்டுப் பரிசம்

செல்லசாமிக்குப் பதவி என்றால் பாகற்காயும் இனிக்கும். கோயில் கமிட்டியில் பொருளாளர், மரண உதவிச் சங்கத்தில் உப தலைவர். அட்டனிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து 'இளைஞர் பாதுகாப்புக் குழு' என்று ஒன்றை அமைத்து, தலைவராக யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டது. மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்று போயிற்று. அதிலிருந்த குடும்பங்களுக்கு விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில் போட்டு, 'கொஞ்ச நாளைக்கு' இருங்கள் என்றார்கள். கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை. அவர்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இந்த நிறுவனத்தைத் தவிர. நிறுவனத்தார் அந்த இடத்துக்கு 'முறைசாராக் குடியிருப்பு' என்று பெயர் சொன்னார்கள். அதைக் கேட்டதும் செல்லசாமிக்குத் தன் கொட்டில் இரண்டடி அகலமாகிவிட்டது போலிருந்தது.

கொழும்பில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கு வந்திருந்த சமயம் பார்த்துக் கூட்டம் வைத்தார்கள். நிறுவனத்திலிருந்து பிரியந்தி மிஸ் வந்து எச்.ஐ.வி. எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு வாழைப்பழத்துக்கு ஆணுறை போட்டுக் காட்டினார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்களே தவிர, ஒருத்தியும் கண்ணைப் பொத்தவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், நுவரெலியா ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள், யாருக்கும் சொல்ல மாட்டார்கள் என்றார். வீட்டில் பெண்களை அடிப்பதைப் பற்றியும் பேசினார்.

பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஜாதகம் பாக்கிறோம், நாள் பாக்கிறோம், நட்சத்திரம் பாக்கிறோம். ரத்தம் பாக்கிறோமா? சனி எந்த வீட்டுல இருக்குன்னு தேடுறோம், மாப்பிள்ளை எந்த வீட்டுக்குப் போய் வந்தான்னு கேக்கிறோமா? பொம்பளய கைநீட்டி அடிக்கிறவன் ஆம்பளயா?"

தகரம் அதிரக் கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் பிரதாப். செல்லசாமியின் அக்கா வேலாயியின் மகன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. பெண்களை அடிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை அவன்தான் முன்னால் நின்று வாசித்தான், மற்றப் பையன்கள் திருப்பிச் சொன்னார்கள். குரல் நல்ல குரல்.

கை தட்டாதவள் ஒருத்திதான், தலைவரின் மனைவி சண்முகவடிவு. தலைவர் கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். அவளை யாரும் கேட்கவில்லை.

பையன்களுக்குக் கொடுக்கச் சொல்லி நிறுவனம் விட்டுப்போன ஆணுறைப் பெட்டியைச் செல்லசாமி தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கொடுத்தால் பையன்கள் கெட்டுப்போவார்களாம்.

அடுத்த மாதமே வேலாயி தன் மகனுக்குச் செல்லசாமியின் மகள் சர்மிளாவைப் பெண் கேட்டாள். முறைப் பையன், கொழும்புச் சம்பளம், பத்துக்கு எட்டுப் பொருத்தம். செல்லசாமி வாயெல்லாம் பல்லாக நின்றார். சர்மிளா டவுனில் முனாப் நானாவின் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவள். அவள் அப்பாவிடம் நேராகவே வந்தாள்.

"அப்பா, பரிசத்துக்கு முன்னால பிரதாப் மச்சான ரத்தம் பாத்துட்டு வரச் சொல்லுங்க. கொழும்புல எங்கெங்க போறாருன்னு அவரே கூட்டாளிங்ககிட்ட பெருமையடிச்சாரு. அன்னைக்குக் கடையில ஒருத்தர்கிட்ட சிரிச்சுப் பேசிட்டேன்னு என் போனப் புடுங்கி ஒடச்சாரு. எனக்குப் பயமா இருக்குப்பா."

"அக்கா மகன்கிட்ட போயி நான் எப்புடிம்மா கேக்கிறது?"

"நீங்கதானே மைக்குல கேட்டீங்க?"

"அது ஊருக்குப் பேசுனது!"

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அவர்கள் செல்லசாமியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பரிச நாள் வந்தது. வேலாயி தன் சனத்தோடு வந்து தட்டுகளை வரிசையாக வைத்தாள். சேலை, வெற்றிலை பாக்கு, தேங்காய், சீனி, ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைப் பார்த்ததும் பெண்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. தட்டை மாற்றிவிட்டால் முடிந்தது, பேச்சு மாறக்கூடாது. செல்லசாமி துண்டைச் சரி செய்துகொண்டு கையை நீட்டும்போது சர்மிளா முன்னால் வந்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. தட்டு மாத்துறதுக்கு முந்தி மச்சான் ஒருக்கா ரத்தம் பாக்கணும். கூட்டத்துல சொன்னாங்களே, அதான்."

அன்றைக்குக் கை தட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அத்தனை பேரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள்.

"என்னையவா?" என்றான் பிரதாப். "நான் என்ன அந்த மாதிரி ஆளா?"

"நானும் அந்த மாதிரி ஆளு இல்ல மச்சான். நான் போன வாரமே நுவரெலியாவுக்குப் போய்ப் பாத்துட்டேன். ஊசி குத்துற வலிதான், வேற ஒண்ணுமில்ல."

எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது.

"பாத்தியா? அப்ப ஒனக்கு என்னமோ சந்தேகம் இருந்திருக்கு! எவன்கூட சுத்துன? சொல்லுடி!"

பார்க்காதவன் யோக்கியன், பார்த்தவள் கெட்டுப்போனவள். பிரியந்தி மிஸ் இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசியது இதற்குத்தான்.

அடுத்த நொடி, உறுதிமொழி வாசித்தவனின் கை சர்மிளாவின் கன்னத்தில் இறங்கியது. அவள் கதவு நிலையில் போய் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"சும்மா இருந்த பிள்ளைய கோவப்பட வச்சிட்டாளே!" என்று வேலாயி மாரில் அடித்துக்கொண்டாள். "தம்பி, நீதான் தலைவரு. நீயே ஒரு நியாயம் சொல்லு!"

எல்லோரும் செல்லசாமியைப் பார்த்தார்கள். சர்மிளாவும் பார்த்தாள். அவள் பார்வையில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது, அதுதான் கொடுமை. தலைவர் தொண்டையைக் கனைத்தார். அக்கா முகத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மகள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அடிக்கிற கைதான் அணைக்கும், சர்மி. ஒன் மேல இருக்கிற பாசத்துலதான் அடிச்சிட்டான். மச்சான்கிட்ட மன்னிப்புக் கேட்டுரு. ரத்தப் பேச்ச இதோட விட்டுரு."

அடுப்படியிலிருந்து சண்முகவடிவு வெளியே வந்தாள். முந்தானையால் மகளின் உதட்டைத் துடைத்துவிட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"எங்கப்பாவும் இதையேதான் சொல்லி என்னைய ஒங்ககிட்ட அனுப்பி வச்சாரு. இருபத்தஞ்சு வருசமா அடிக்கிற கையத்தான் பாக்கிறேன். அணைக்கிற கை எப்ப வரும்னு இன்னும் காத்துக்கிட்டு இருக்கேன்."

"வடிவு! எல்லாரும் பாக்கிறாங்க…"

"பாக்கட்டும். நீங்க அடிக்கும்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவங்கதானே, இன்னைக்குக் கண்ணால பாக்கட்டும்."

அவள் குனிந்து சேலைத் தட்டை எடுத்து வேலாயியின் கையில் வைத்தாள்.

"மதினி, கொண்டு போங்க. ரத்தம் பாருங்கன்னு சொன்னதுக்கே எம்மகளுக்கு இந்த அடி. நாளைக்கு ஒரு ராத்திரி, உறை போடுங்கன்னு சொன்னா இவ உசுரோட இருப்பாளா? பயந்துக்கிட்டுச் சொல்லாம படுத்தாலும் சாவுதான்."

பிரதாப் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே போனான். செல்லசாமி மட்டும் எழுந்து, வழக்கம்போல் ஏதோ சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒக்காருங்க," என்றாள் சண்முகவடிவு, அடுத்த தட்டைத் தூக்கிக்கொண்டே. "இது கூட்டமில்ல. எம்மக வாழ்க்கை."