உயிருள்ள ஒரு தலை

செண்பகம் செத்துக் கிடந்த அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த நாடிக்கட்டை அவிழ்த்தாள். விறைத்துவிட்டதால் வாய் திறக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று. முகத்தில் எண்ணெய் தடவினாள். யுத்தப் பஞ்சத்தில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டே பழகிய கை.

முற்றத்தில் ஒப்பாரி. கதவைத் தாழிட்டிருந்தாள்.

சென்னையில் சிற்ப மேல்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆளை எதிரே உட்காரவைத்துச் செய்த தலை ஒன்றை அனுப்ப வேண்டும். பி.ஏ. முடித்த மகளுக்காக உப்பளக் கங்காணியான அப்பா உட்காரவில்லை. "உசுரோட இருக்கவன் மூஞ்சிய மண்ணுல புடிச்சா ஆயுசு அத்துப்போவும்" என்று தெருவுக்கே சொல்லிவைத்தார். பிறகு பிச்சைக்காரன்கூட அவள் முன்னால் உட்காரவில்லை.

"இனி எங்கன எந்திரிச்சுப் போவீய?" என்றாள் அந்த முகத்திடம்.

மாதாகோயில் சுரூபச் சிலைகளைப் பழுதுபார்க்கும் வளனிடம் வாங்கிய பிளாஸ்டரைக் கரைத்து அப்பினாள். இறுகும்போது அது சூடேறியது. விடியலிலிருந்து குளிர்ந்து கிடந்த முகம், காய்ச்சல்காரர் முகம்போல் சுட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

கதவை இடித்தார்கள். அச்சு வரவில்லை. அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி இழுத்தாள். வந்தது. மீசைக்கு எண்ணெய் போதவில்லை. பாதி மீசையும் கூடவே வந்துவிட்டது.

தாழ் தெறித்து அண்ணன் ராஜதுரை உள்ளே வந்தான். உப்பளத்தையே நடுங்கவைத்த மீசை அப்பாவுடையது.

"ஏளா, மீச எங்க?"

"இதுல இருக்கு."

அறைந்தான். பிறகு மிச்சத்தையும் வழித்துவிட ஆளைக் கூப்பிட்டான். வாய்க்கரிசி போட வந்த அளத்துப் பெண்கள் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகைக்காக அல்ல.

பதினாறு கழிந்ததும் செண்பகம் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி முகத்தை எடுத்தாள். பின்தலையைத் தானே கூட்டினாள். அம்மா வெறுங்கழுத்தோடு வந்து நின்றாள்.

"கண்ணு மூடியில்லா கெடக்கு. செத்த மூஞ்சின்னு மெட்ராஸ்காரவியளுக்குத் தெரியாதாக்கும்?"

"தொறந்துருவேன்."

கத்தியை இமையில் வைத்தாள். கை அங்கேயே நின்றது.

"என்னப் பாக்கும்போது அவிய கண்ணு எப்படிம்மா இருக்கும்?"

அம்மா யோசித்தாள்.

"ஒன்ன எங்க பாத்தாவ."

செண்பகம் கத்தியை அழுத்தினாள். கன்னத்தில் உதிர்ந்த வெள்ளைத் தூளை, அம்மா குனிந்து வாயால் ஊதிவிட்டாள்.