ஆறாவது பாட்டு

மனசைத் திறந்து காட்ட அந்த வருஷம் சியோலில் ஐந்நூறு வோன் ஆனது. சைவேர்ல்ட் என்ற இணையதளத்தில் உங்கள் பக்கத்துக்கு ஒரு பாட்டு வாங்கிப் போட்டால் போதும், திறக்கிறவர் காதில் அது தானாக ஒலிக்கும். அந்தத் தளத்துக் காசுக்கு ஓக் கொட்டை என்று பேர். பாட்டு ஒன்றுக்கு ஐந்து கொட்டை. தோங்தேமுன் சந்தையில் பொத்தான் கடை வைத்திருந்த தல்சூ, பேரம் பேச எதிரில் ஆளில்லாத வருத்தத்தோடு, முழு விலை கொடுத்து ஆறு பாட்டு வாங்கினான்.

எல்லாம் எதிர்க்கடை சுன்யேவுக்காகத்தான். ஜிப் விற்கிறவள். பொத்தான் வாங்க வருகிறவர்கள் ஜிப்பும் கேட்பார்களென்று தினமும் அவளிடம் சரக்கெடுப்பான். பத்து வோனுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவாள். "வாங்க, கஞ்சப் பிசினாறி முதலாளி" என்றுதான் வரவேற்பு. அது காதில் விழாத நாளில் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் நாற்பத்தொரு வயதில் இதை ஒரு பெண்ணிடம் நேரில் எப்படிச் சொல்வது?

பாட்டுகளை வரிசைப்படுத்தும்போது தொழில் புத்தி குறுக்கே வந்தது. நல்ல சரக்கைக் கடை முகப்பில் பரப்புகிறவன் அந்தச் சந்தையிலேயே கிடையாது. வெளியே பிளாஸ்டிக், உள் இழுப்பறையில் முத்துச்சிப்பி. அப்படியே, காதலியை ரயிலேற்றிவிட்டு அழுகிறவன் பாட்டை முதலில் வைத்தான். எதிர்க்கடைக்காரி சிரிப்பில் சில்லறையைத் தப்பாக எண்ணுகிறவன் பாட்டு கடைசிக்குப் போனது.

மறுநாள் லேஸ் கடை மா அக்கா முள்ளங்கி சூப்போடு வந்து நின்றாள். "யாருடா அவ? உன்னை விட்டுட்டுப் போனவ விளங்கவா போறா. நீ சாப்பிடு."

"யாரும் போகலக்கா."

"அதான் ரயிலு கூவுதே. வரிசைக் கடை பூரா கேட்டாச்சு."

கேட்டவர்கள் எல்லாரும் ரயிலடியிலேயே இறங்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எதிர்க்கடைக்கு ஓடினான். ஜிப் கட்டை நீட்டி விலை கேட்டான்.

"அடக்க விலைக்கே எடுத்துக்கங்க" என்றாள் சுன்யே, தாழ்ந்த குரலில். பிசினாறி இல்லை, முதலாளி இல்லை. துக்க வீட்டுக்காரனிடம்தான் இவள் பேரம் பேச மாட்டாள்.

"பாட்டைக் கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"முதல் பாட்டே ஒப்பாரி. அதுக்கு மேல எவ கேப்பா?"

"நல்ல சரக்கை எவனாவது முன்னாடி வைப்பானா?"

சுன்யே அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை. பிறகு கல்லாப் பக்கம் இருந்த கம்ப்யூட்டரை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை ஜிப்பை நிறம் பிரித்துக்கொண்டே கேட்டாள். ரயில் போனது, மழை பெய்தது, யாரோ குடித்தார்கள். ஆறாவது பாட்டில் அவள் கை நின்றது. சிவப்பு ஜிப் ஒன்று நீலக் கட்டில் கிடந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

கடை அடைக்கிற நேரத்தில் தல்சூவின் பக்கத்துக்கு மூன்று ஓக் கொட்டை அன்பளிப்பாக வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "கடைசிப் பாட்டுல எனக்குப் பாதி. மத்த அஞ்சும் உங்க நஷ்டம், பிசினாறி முதலாளி. பாக்கியை உடனே அனுப்பணும்."

அந்தத் தளத்தில் கொட்டையை உடைத்து அனுப்ப வழியில்லை. தல்சூ ஷட்டரைப் பாதி இறக்கியபடி கணக்குப் போட்டான். பாட்டு ஐந்து கொட்டை. அவள் பங்கு இரண்டரை. அவளிடமிருந்து வரவு மூன்று. அவளுக்குத் தர வேண்டியது, அரைக் கொட்டை.