வேஸ்ட் ஃபோல்டர்

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாக நின்றது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டுத் துடித்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்டேட் செய்யட்டுமா என்று அது கேட்டபோது, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சரி என்று தட்டிவிட்டுப் போனவன் நான்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய் வீடியோ எடுத்து, எடிட் செய்து, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது தொழில். நாலு வருஷத்துக்கு முன்னால் திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து பதினோரு கல்யாணங்களைப் பூட்டிப் போட்டுவிட்டது. அந்தப் பதினோரு வீட்டிலும் வாங்கிய வசவு இன்னும் காதிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் ஓசூரில் வேலை பார்க்கும் என் கூட்டாளி தமிழ்ச்செல்வன் வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். வைரஸ் வரவில்லை. ஆனால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இந்த ஊரில் கேட்க ஒரு நாதி கிடையாது.

கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது பிளசி போன் செய்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தை எடுத்தவன் நான். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல, கொடுக்கிறோம் என்று அவர்கள் சொல்ல, அது அப்படியே கிடந்தது. போன மாதம் அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சாவுக்குப் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணா, சனிக்கிழமை அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசைங்கண்ணா. அதுக்குள்ள எங்க கல்யாண வீடியோ கெடைக்குமா?" என்றாள்.

"எடிட்டிங் இன்னும் முடியலியேம்மா."

"எடிட்டிங்லாம் வேணாங்கண்ணா. எடுத்தது எடுத்தபடி குடுங்க. அப்பா போட்டோவெல்லாம் இருக்குது. கொரலுதான் எங்கயும் இல்ல. அவரு வெச்சிருந்தது பட்டன் போனு. எங்க போன்லயும் எடுக்க வுட மாட்டாரு, வெக்கப்படுவாரு." பிறகு கேட்டாள். "மண்டபத்துல உங்க கேமரா முன்னாடி வந்து என்னமோ பேசிட்டிருந்தாருல்லங்கண்ணா? நான் மேடையில இருந்து பாத்தேன். அது இருந்தாப் போதும். அம்மாவுக்கு ஒரு தடவ கேக்கணுமாம்."

"இருக்கும்மா. நான் எடுத்தது எங்க போவும்? நாளைக்கி மத்தியானம் வாங்க."

சிஸ்டம் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் வாக்குக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் நாளைக்கு என்ற சொல் அவ்வளவு மலிவு.

அதன் பிறகு வேலையில் இறங்கினேன். கேபிளை மாற்றினேன். பக்கத்து மொபைல் கடையிலிருந்து மானிட்டர் வாங்கி மாட்டினேன். கேபினெட்டைத் திறந்து, திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்லை ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினேன். பாதி வியாதிக்கு எங்கள் ஊரில் அதுதான் வைத்தியம். திரை அசையவில்லை. பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுக்கு டிஸ்கை எடுத்துப்போய் மாட்டிப் பார்த்தேன். அங்கே இருந்த விண்டோஸ் அதைத் திறக்கவே இல்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியான பஸ் பிடித்து மொத்தப் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு தர்மபுரி போனேன். அங்கே சர்வீஸ் கடைக்காரர் கிருஷ்ணப்பன் கார்டைத் தன் சிஸ்டத்தில் போட்டார். பளிச்சென்று படம் வந்தது.

"கார்டு நல்லாத்தாங்க இருக்குது. உங்களுது லினக்ஸு, அதுல கார்ட ஓட்டற டிரைவர் புரோகிராம்தான் பிரச்சனை. அதையெல்லாம் தூக்கிட்டு விண்டோஸ் போட்டுக்கங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சித் தரேன்."

"உள்ள இருக்கிறது என்ன ஆவும்?"

"போயிடுமுங்க."

"அப்ப வேணாம். உள்ள ஒரு மனுசன் இருக்காரு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்கும் அசையாமல் அந்த வீடியோவைக் காப்பாற்றிவிட்டேன் என்று வழி முழுவதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தமிழ்ச்செல்வன் போனை எடுத்தான். டீ நேரம், பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்றான். அவன் சொன்னபடி மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினேன். கறுப்பு விலகி, வெறும் எழுத்து மட்டும் வரும் திரை வந்தது. அதில் மவுஸ் கிடையாது, படம் கிடையாது. நாம் தட்டச்சு செய்தால் அது பதில் சொல்லும், அவ்வளவுதான். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போனேன். அவன் ஒரு கட்டளை சொன்னான், ஒவ்வொரு எழுத்தாக. அடித்தேன். திரை நிறைய இங்கிலீஷ் ஓடி நின்றது.

"கடைசி வரிய மட்டும் படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிஸ்கில் இடம் மிச்சம் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"அவ்ளோதாண்டா" என்று சிரித்தான். "அப்டேட்ல புது கெர்னல், லினக்ஸோட அடி எஞ்சினு, வந்திருக்குது. அதுக்குத் தக்கபடி கார்டு டிரைவரத் திரும்பக் கட்டணும். கட்ட எடமில்லாம பாதியில நின்னுருக்குது. கொஞ்சம் எடத்தக் காலி பண்ணிட்டு, நான் அனுப்புற ரெண்டு வரிய அடி. வந்துடும். மேனேஜர் வராரு, வெக்கிறேன்."

உயிர் வந்தது போல இருந்தது. எதைக் காலி செய்வது என்று பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். மேலே மூன்று பெரிய ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று 'மெயின்', எல்லாக் கல்யாணமும் அதில்தான். இன்னொன்று என் மகள் பூவிழியின் முதல் பிறந்தநாள். மூன்றாவது 'வேஸ்ட்'.

வேஸ்ட் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்து கேமரா கார்டிலிருந்து இறக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடுவேன். பெண்ணோ மாப்பிள்ளையோ ஃபிரேமில் இருந்தால் மெயின், இல்லாவிட்டால் வேஸ்ட். பந்தியில் இலை போடுகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள், கேமராவை மறைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் எல்லோரும் வேஸ்ட். வீடியோவைக் கொடுத்து முடித்ததும் அந்தக் கல்யாணத்தின் வேஸ்டை அழித்துவிடுவது வழக்கம். சோம்பேறித்தனத்தில் ஒரு வருஷத்து வேஸ்ட் சேர்ந்து, பாதி டிஸ்கை அடைத்துக்கொண்டு கிடந்தது.

பூவிழியின் பிறந்தநாளில் கை வைப்பேனா? மாட்டேன். மெயினில் பிளசி கல்யாணம் இருக்கிறது, அதைத் தொடவே கூடாது. வேஸ்டில் யாருக்கு என்ன வேலை என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். அழிக்கிற கட்டளை எனக்கு மனப்பாடம். அடித்து என்டரைத் தட்டினேன். நிஜமாகவா என்றுகூட அது கேட்கவில்லை.

அப்புறம் தமிழ்ச்செல்வன் அனுப்பிய இரண்டு வரி. பத்து நிமிஷம் எழுத்து ஓடியது. சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன். திரை வெளிச்சமாகி, நான் வைத்திருந்த வத்தல்மலைப் படம் முழுசாக வந்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்து, டீக்கடையில் இருந்தவர்களிடமெல்லாம் சிஸ்டத்தை நானே சரி பண்ணிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பிளசியும் அவள் அம்மா லூர்தம்மாளும் வந்தார்கள். பிளசிக்கு ஆறு மாதம் இருக்கும், வயிறு தெரிந்தது. லூர்தம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

கோயில் காட்சியைப் போட்டேன். ஸ்தனிஸ்லாஸ் புது வேட்டி சட்டையில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்து வந்தார். கூச்சத்தில் கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தார். பின்னால் பாடகர் குழு பாடியது. லூர்தம்மாள் சத்தமில்லாமல் அழுதார்.

"பேசறது வரட்டுங்கண்ணா" என்றாள் பிளசி.

மண்டபத்துக்குத் தள்ளினேன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். ஆட்கள் வரிசையாக வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்தனிஸ்லாஸ் ஓரமாக வருவார், யாரையோ கை காட்டிக் கூப்பிடுவார், போய்விடுவார். வாய் அசையும். மைக்செட் பாட்டுதான் கேட்கும். ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்தேன், முப்பது, நாற்பது.

"இந்தப் பச்சப் பொடவ அத்தை மேல வந்தாங்கல்ல? இவுங்களுக்கு அடுத்துத்தாங்கண்ணா. அப்பதான் அப்பா உங்ககிட்ட வந்தாரு."

பச்சைப் புடவை அத்தை மேடையிலிருந்து இறங்கினார். அடுத்த கிளிப்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டினார்கள். கிளிப்புகளின் வரிசையில் நடுவே ஒரு எண் விட்டுப்போயிருந்தது.

எண்களை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த எண் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றபோது பெண்ணும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. அவர் முகம் மட்டும்தான் ஃபிரேம் முழுக்க இருந்தது. எங்கள் கணக்குப்படி அது வேஸ்ட்.

ஒரு போன் பேசிட்டு வரேன் என்று வெளியே வந்து தமிழ்ச்செல்வனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"டேய், நான் கொஞ்சந்தானடா எடம் கேட்டேன். பழைய கெர்னல் நாலஞ்சி சும்மா கெடந்திருக்கும், அதத் தூக்கியிருந்தாலே போதுமே."

"குப்பைத் தொட்டியில இருக்காதா?"

"அந்த எழுத்துத் திரையில அழிச்சா தொட்டிக்கெல்லாம் போவாதுடா. அதுவும் எஸ்.எஸ்.டி. டிஸ்கு வேற, அதுல அழிச்சா அழிச்சதுதான், அதுக்கு மேல டிரைவர எழுதிட்ட. கேமரா கார்டு?"

கேமரா கார்டில் அதற்கப்புறம் பத்து முகூர்த்தம் ஏறி இறங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுச் சந்தில் நின்றேன். வெயில் கொளுத்தியது. சோம்பேறித்தனத்தால் எட்டு மாதம் தப்பிக் கிடந்ததை, பிரச்சனை சரியான சந்தோஷத்தில் நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்ததுதான். ஆனால் உள்ளே அந்த அம்மா திரையை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே போய்ச் சொன்னேன். டிரைவர், கெர்னல் எதையும் சொல்லவில்லை. "இன்னிக்கிக் காலையில எடமில்லன்னு நான்தாம்மா அழிச்சிட்டேன். தெரியாம அழிச்சிட்டேன். திரும்ப எடுக்க முடியாதுங்கறாங்க."

லூர்தம்மாளுக்குப் புரிய நேரமானது. "காலையிலயா? இன்னிக்கிக் காலையில வரைக்கும் இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மகளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நேற்றே வந்திருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பார். நேற்று வந்திருந்தால் திரை கறுப்பாக இருந்திருக்கும், ஆனால் ஸ்தனிஸ்லாஸ் உள்ளே இருந்திருப்பார். திட்டிவிடுங்கள் என்று மனசு கெஞ்சியது. பதினோரு வீட்டு வசவைத் தாங்கினவனுக்கு இந்த அமைதி தாங்கவில்லை.

பிளசிதான் பேசினாள். "என்ன சொன்னாருங்கண்ணா? உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, மண்டபத்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் லென்ஸுக்கு எதிரே வந்து நின்றார். ஃபிரேமை மறைக்கிறாரே என்று எனக்குக் கடுப்பு.

"சாப்டீங்களான்னு கேட்டாரும்மா. 'கேமரா தம்பி, காலையில இருந்து நிக்கறீங்க, மொதல்ல போயிச் சாப்டுங்க, கல்யாணம் எங்கயும் ஓடிப் போவாது'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தள்ளி நில்லுங்க, மறைக்குதுன்னேன்."

லூர்தம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிளசி என் முகத்தையே பார்த்தாள்.

"அவரு எப்பிடிச் சொன்னாருங்கண்ணா? அவரு சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. அம்மா கேக்கட்டும்."

அவருக்குக் கனத்த தொண்டை, சொல்லின் கடைசியைக் கொஞ்சம் இழுப்பார் என்பது எனக்குத் தெரிந்தது. கேமரா தம்பி என்று ஆரம்பித்தேன். வந்தது என் குரல்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். லூர்தம்மாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.