ஒஹாயோக்காரருக்கு மொன்டானா தெரியாதாம்

டோரீனின் இடது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. பாட்டிலில் அடைத்த பீன்ஸை வேகவைக்கும் பெரிய பிரஷர் குக்கர், பூட்டிய மூடியைப் பிய்த்துக்கொண்டு வெடித்ததில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், குக்கர் செய்து விற்கும் பென்டர் ஒஹாயோவிலிருந்து வந்து, அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான மொன்டானாவின் கோர்ட்டுக்குத் தன்னை விசாரிக்க அதிகாரமே இல்லை என்கிறார்.

"நீங்க வாங்கினதோ பக்கத்து மாநிலம் ஐடஹோ கடையில" என்றாள் வக்கீல் ரோவீனா. "அவரும் இந்த மாநிலத்தைத் தேடி வந்து வியாபாரம் பண்ணினார்னு காட்டணும். இல்லைன்னா ஒஹாயோ போய்த்தான் வழக்காடணும். உங்களால முடியுமா?"

முடியாது. அதற்கு டோரீனிடம் காசில்லை.

பென்டர் கூண்டில் ஏறித் தேனாகப் பேசினார். "மொன்டானாவுல எனக்குக் கடை இல்லை, ஆள் இல்லை. வியாபாரத்துக்காக இந்தப் பக்கம் வந்ததே இல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே பாவி! டோரீன் ரோவீனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"புளுகுறான். மாவட்டச் சந்தையில பீன்ஸ் போட்டிக்கு வருஷா வருஷம் இவன்தான் நடுவர். என் பீன்ஸ் குழைஞ்சுபோச்சுன்னு ரெண்டாம் பரிசு குடுத்தான். தன் குக்கரை வாங்கச் சொல்லிக் கூடாரத்துலயே எல்லார்கிட்டயும் ஆர்டர் எடுத்தான். அந்த ரோஷத்துலதான் நானும் போய் வாங்கினேன்."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நாத்தனார்கிட்ட தோத்ததை யாராவது சொல்லிக்கிட்டுத் திரிவாங்களா?"

ரோவீனா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எழுந்து கேட்டதும், நடுவராக வந்ததை ஒப்புக்கொண்ட பென்டர், சும்மா விருந்தாளியாக வந்தேன், ஒரு குக்கர்கூட விற்கவில்லை என்று சாதித்தார். சாட்சி கொண்டுவர நீதிபதி மதியம் வரை அவகாசம் கொடுத்தார்.

சாட்சி சொல்லக்கூடியவள் ஜெயித்த நாத்தனார் வில்மாதான். போட்டிக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. டோரீன் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"வில்மா, நீ என்னை ஜெயிச்சதைக் கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"வரேன்" என்று மட்டும் பதில் வந்தது.

மதியம் கூண்டில் ஏறிய வில்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஆர்டர் எடுத்தார். என் குக்கர் ஒஹாயோவிலிருந்து நேரா வீட்டுக்கே வந்துச்சு" என்றவள், கேட்காமலே தொடர்ந்தாள். "ரெண்டு குக்கருக்கு ஆர்டர் குடுத்தேன். அப்புறம்தான் எனக்கு முதல் பரிசு குடுத்தார். டோரீன் பீன்ஸ்தான் நல்லா இருந்துச்சு."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"எங்க ஊர் பீன்ஸும் வேணும், எங்க ஜனங்க ஆர்டரும் வேணும், எங்க கோர்ட்டு மட்டும் வேண்டாமா, மிஸ்டர் பென்டர்? வழக்கு இங்கேயேதான் நடக்கும்."

இன்னும் ஜெயிக்கவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று ரோவீனா காதில் எச்சரித்தாள். டோரீனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. அன்று கிடைத்த இரண்டு தீர்ப்பில் எது பெரியது என்று தெரியாமல், கூண்டிலிருந்து இறங்கி வந்த வில்மாவை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டு அழுதாள்.