வேர்வை ஊறிய அங்கி

பனிக்காலம் முழுக்க என் அண்ணன் மாகிகன் உறைந்த ஓடைகளில் பொறிவைத்து, தோலுக்காக பீவர் என்ற நீர்விலங்கைப் பிடித்தான். என் புருஷன் கீசிக், தன் பீவர்த்தோல் அங்கியைக் கழற்றாமல் நெருப்போரம் புரண்டு கிடந்தான். கோடை வந்ததும் மூவரும் ஓடமேறி, ஆற்று முகத்துவாரத்திலிருந்த தோல் வியாபாரக் கோட்டைக்குப் போனோம்.

அண்ணனின் புதுத்தோல்களை அங்கிருந்த வெள்ளைக்கார வியாபாரி இஸ்பிஸ்டர் துரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டே சொற்ப விலைக்கு வாங்கினார். கீசிக்கின் அங்கியை மூக்கைப் பொத்திக்கொண்டு தடவியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்யா சரக்கு! வேர்வை ஊறி முரட்டு மயிரெல்லாம் கொட்டிருச்சு. தொப்பி செய்ய இந்தப் பஞ்சு மயிர்தான் வேணும்."

அந்த அங்கிக்குச் செப்புப் பானையோடு கம்பளியும் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் கீசிக்கின் அலட்டல் தாங்கவில்லை.

"பாத்தியா மச்சான்? நீ ஓடி ஓடிச் சம்பாதிக்காதத நான் படுத்துக்கிட்டே சம்பாதிச்சுட்டேன்."

அண்ணன் பாட்டுக்குத் துடுப்பு போட்டான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

குடிலுக்கு வந்ததும், அண்ணன் மிச்சம் வைத்திருந்த தோல்களை வாங்கி, அங்கியாகத் தைத்து என் புருஷனுக்கு மாட்டிவிட்டேன். சந்தோஷமாகப் படுக்கையை விரித்தான்.

"எங்கய்யா படுக்கற? துரை சொன்னது காதுல விழலியா? வேர்வை ஊறணும்!" என்று கோடாலியை நீட்டினேன். "இனிமே விறகு வெட்டுறது உன் பாடு. அங்கிய மட்டும் கழட்டிடாத, சரக்கு கெட்டுப்போயிடும்."