வெட்டுக்கிளிக்கு ஒரு தலையணை

தலையணை ஓடுதளத்தின் நடுவில் கிடக்கிறது, வெயிலில் தார் இளகி மினுங்குகிற இடத்தில், பந்தயக் கொடி இறங்கியதும் மற்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடிச் சேர்ந்து, வண்டிக்குள் குதித்து, கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள், வனிதாமணி மட்டும் திரும்பி ஓடுகிறாள், வண்டியை நோக்கி அல்ல, ஓடும்போது தவறவிட்ட தலையணையை நோக்கி, லாரிகளின் மேல் ஏறி நிற்கிற கூட்டம் ஒரே குரலில் சிரிக்கிறது, ஏப்பா, அம்மிணி தூங்கப் போகுதாட்ட இருக்குது, பாய் எங்கீங்க அம்மிணி, யாரோ விசிலடிக்கிறான், அவள் குனிந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறாள், புகைக்குள் தனியாக நிற்கிற பச்சை வண்டியில் அதைப் போட்டு உட்காருகிறாள், பஞ்சுக்குள் தாரின் சூடு ஏறியிருந்தது, சுட்டது, சுடட்டும், அது இல்லாமல் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்கு ஸ்டியரிங் தெரியும், அதற்கு மேல் வானம் தெரியும், பாதை தெரியாது.

அண்ணன் தெய்வசிகாமணி கட்டிய வண்டி அது, கோயம்புத்தூரில் அப்பாவின் பஞ்சாலைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், எங்கெங்கோ வாங்கிய எஞ்சினையும் அச்சையும் சேர்த்து, அலுமினியத் தகட்டை மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்து, கூரை கிடையாது, பேருக்கு இரண்டு அரைக்கதவு, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும், பச்சைப் பெயின்ட் அடித்து வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தான், அண்ணன் ஆறடி, சீட்டைத் தன் காலுக்குத் தோதாக வைத்து போல்ட் போட்டு இறுக்கிவிட்டான், முன்னால் பின்னால் நகர்த்துகிற மாதிரி வைத்தால் எடை கூடிப் போகும் என்றான், அவளோ ஐந்தடிக்கும் குறைவு, அப்பறம் நான் எப்படிண்ணா ஓட்டறது, தலகாணி வெச்சுக்க அம்மிணி, அவ்வளவுதான் அதற்கு மேல் பேச்சில்லை, அவளே தைத்தாள், டார்ப்பாலின் துணிக்குள் ஆலைப் பஞ்சை அடைத்து, நடுவில் ஒரு தையல் போட்டு, பாதி அடிக்கு, பாதி முதுகுக்கு, அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள், ஊருல புள்ளைய கட்டிக் குடுக்கறதுக்கு மெத்தை தெப்பாங்க, என்ர மக காருக்குத் தெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. ஆறு மணி நேரப் பந்தயம், ஒரு வண்டிக்கு இரண்டு பேர், இவர் களைத்தால் அவர், யார் முதலில் ஓட்டுவது என்று அண்ணன் பூவா தலையா போட்டான், தோற்றான், தோற்றுவிட்டுச் சிரித்தான், மறுபடி போடலாம் என்று கேட்கவில்லை, அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஆண்பிள்ளையை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை, போன ஐப்பசியில் அவன் போய்விட்டான், கட்டிலில் படுத்தபடி, காதில் எஞ்சின் சத்தம் கேக்குது அம்மிணி, ஒரு சிலிண்டர் அடிக்கல, பாத்துக்க, என்று சொல்லிவிட்டு.

இன்றைக்குப் பொற்காலம் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள், நீண்ட தூரப் பந்தயங்களின் பொற்காலம், அதே பழைய ஓடுதளத்தில், போர்க்காலத்தில் விமானம் இறங்கப் போட்டது, இப்போது பாதிக்குக் கிடங்குகள் வந்துவிட்டன, மிச்சம் இருக்கிற பாதியில் வளைத்து ஒரு சுற்றுப் பாதை, பழைய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, வெட்டுக்கிளியும் நிற்கிறது, அண்ணன் போன பிறகு பழைய வண்டிச் சங்கத்தார் கேட்டார்கள் என்று அவள் மகன் யுவராஜ் எடுத்துக் கொடுத்தான், பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், இந்தப் பளபளப்பு அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை, பொன்னும் இல்லை ஒன்றும் இல்லை, விளக்கெண்ணெய் வாசம்தான் இருந்தது, எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய் சூடேறினால் ஓடுதளம் முழுக்க விளக்கெண்ணெய் மணக்கும், பார்க்க வந்தவர்கள் தூக்குப்போசியில் புளிச்சோறு கொண்டுவந்து பந்தயம் நடக்கும்போதே சாப்பிட்டு, பனைமரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு, எழுந்து, எவன்டா முன்னால போறான் என்று கேட்பார்கள், கண்ணை மூடிக்கொண்டே இது சிவப்பு வண்டி, இது வெட்டுக்கிளி என்று சத்தத்தில் சொல்கிற கிழவர்கள் இருந்தார்கள், இன்றைக்கு ஒரு பந்தயம் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது, வேகம் யாருக்கும் வரும், ஆறு மணி நேரம் வேகமாகவும் போக வேண்டும், வண்டியையும் உடைக்கக் கூடாது, உன்னையும் உடைத்துக்கொள்ளக் கூடாது, அதைச் சொன்னால் யுவராஜுக்குப் புரியாது, அவன் காலையிலேயே சொல்லிவிட்டான், அம்மா, ஒரே ஒரு சுத்து, அர்ஷத்துன்னு ஒரு பையன் ஓட்டுவான், பெரிய பந்தயமெல்லாம் ஓட்டறவன், நீ பக்கத்துல உக்காந்து கையக் காட்டு, போதும். ஏன், நான் ஓட்டுனா என்னடா. முட்டி ஆபரேசன் ஆயிருக்குது, கண்ணு ஆபரேசன் ஆயிருக்குது, கண்ணு சரியாத் தெரியாதுன்னு டாக்டரே சொன்னாருல்ல. படிக்கறதுக்குத்தான் கண்ணாடி போடச் சொன்னாரு, நான் என்ன ரோட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்கவா போறேன். அம்மா, வெளையாடாத. நான் எப்படா வெளையாடுனேன். அவன் காருக்குப் போனான், அவள் பரணிலிருந்து ஏற்கெனவே இறக்கி வைத்திருந்ததை மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டாள், மதியச் சாப்பாடா என்று மருமகள் கேட்டாள், ஆமா என்றாள்.

அந்தப் பழைய பந்தயத்தில் முதல் முறை வண்டியை மாற்றிக் கொடுத்தபோது அவள் தலையணையை உருவிக்கொண்டு இறங்க அண்ணன் ஏறினான், இரண்டாவது முறை அண்ணன் இறங்க அவள் ஏறினாள், ரெண்டாவது கியர் நழுவுது, கைய எடுக்காத, ஒரே வாக்கியம், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, அதற்குள் வெட்டுக்கிளி கடைசி இடத்திலிருந்து பாதி வண்டிகளைத் தாண்டியிருந்தது, சில வண்டிகள் வழியில் புகைந்து நின்றுவிட்டன, முதலில் கிளம்பிப் போனவர்களில் ஒருவன் பாதையோரத்து வைக்கோல் கட்டுகளுக்குள் வண்டியோடு புதைந்து கிடந்தான், அவள் இடதுகையால் கியரை அழுத்திப் பிடித்தபடியே திருப்பங்களை எடுத்தாள், தோள் இற்றுப்போனது, கடைசி ஒரு மணி நேரத்தை அண்ணன் ஓட்டுவதாக ஏற்பாடு, வண்டி மாற்றுகிற இடத்துச் சுவருக்கு மேலே சிலேட்டுப் பலகையை நீட்டினான், சாக்பீஸில் பெரிதாக வா என்று எழுதி, பார்த்தாள், பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள், அடுத்த சுற்றிலும் வா, இன்னும் கொட்டை எழுத்தில், அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை, ஏன் என்று அன்றைக்கும் தெரியாது, வண்டி அப்போதுதான் அவள் கைக்கு வந்திருந்தது, லாரி மேல் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் துண்டை வீசினார்கள், இதை எப்படிப் பாதியில் இறக்கி வைப்பது, மூன்றாவது சுற்றில் வருகிறாள், அண்ணன் சட்டைக் கையால் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான், சுண்ணாம்புத் தூள் பறக்கிறது, மறுபடி நீட்டுகிறான், போ. ஜெயிக்கவில்லை, நான்காவதாக வந்தார்கள், எல்லாம் முடிந்து தகரக் கூரையடியில் உட்கார்ந்து சோடா குடிக்கும்போது கேட்டான், ஏ அம்மிணி, பலகை தெரியலையா. தெரிஞ்சுதுண்ணா. பின்னே. பின்னே என்ன, தெரிஞ்சுது. அவன் சிரித்த சிரிப்பில் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

இப்போது கொடி இறங்குகிறது, பழைய முறைப்படி என்று அறிவிக்கிறார்கள், ஓட்டுநர்கள் ஓடுதளத்தின் இந்தப் பக்கமிருந்து ஓடிப் போய் எதிர்ப்பக்கம் நிற்கிற வண்டியில் ஏற வேண்டும், பெரியவர்களுக்கு அந்தப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள், அவள் உட்காரவில்லை, ஓட்டறவங்க நிக்கற எடத்துல நிக்கறேன் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டாள், இளைஞர்கள் ஓடுகிறார்கள், அர்ஷத் நான்கு எட்டில் போய்விட்டான், அவள் நடக்கிறாள், வெயில், தார் மினுங்குகிறது, நடுவில் மஞ்சப்பையின் காது அறுந்து தலையணை விழுகிறது, அதே இடமாகத்தான் இருக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யுவராஜ் கத்துகிறான், விடும்மா, ஆளு வந்து எடுப்பாங்க, அவள் குனிகிறாள், இரும்பு வைத்த முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, மடங்க வைக்கிறாள், கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள், சிரிங்கப்பா, சிரிச்சவங்களையெல்லாம் பார்த்தாச்சு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்கிறாள், முன்னால் கிளம்பிய வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போகின்றன, அர்ஷத் இடதுபக்க அரைக்கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறான், நல்ல பையன், ஆறடி, வாங்க மேம், மெதுவா. அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போகிறாள், சீட் நகரவில்லை, அதே போல்ட், தலையணையை விரித்துப் போடுகிறாள், பாதி அடிக்கு, பாதி முதுகுக்கு. மேம், என்னைத்தான் ஓட்டச் சொல்லி. நீ அந்தப் பக்கம் ஏறு கண்ணு, நான் ஓட்டறேன், நீ கையக் காட்டு. அவன் சங்கத்துச் செயலாளரைத் திரும்பிப் பார்க்கிறான், யுவராஜைப் பார்க்கிறான், பிறகு அவளைப் பார்க்கிறான், ஏறிவிட்டான்.

எஞ்சின் பிடித்தது, ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, அண்ணன் சொன்னது சரி, முதல் திருப்பத்தில் கை தானாகக் கியரைத் தேடிப் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது, இன்னும் நழுவுகிறது, பெயின்ட்தான் அடித்தார்கள், அர்ஷத் இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டு வந்தான், கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை மாதிரி, கிடங்குகள் போயின, பனைமரங்கள் வந்தன, நேர்ப்பாதையில் காற்று முகத்தில் அறைந்து கண்ணில் நீர் வர வைத்தது, விளக்கெண்ணெய் வாசம் எங்கிருந்து வருகிறது, இப்போதெல்லாம் அந்த எண்ணெய் கிடையாதே, ஆனாலும் வருகிறது, சுவர் நெருங்குகிறது, முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி உள்ளே போகின்றன, சுவருக்கு மேல் ஒரு பலகை நீளுகிறது, அதன் பக்கத்தில் யுவராஜ் இரண்டு கையையும் வீசி வா வா என்கிறான், வாம்மா, அர்ஷத் மெல்லச் சொல்கிறான், மேம், கூப்பிடறாங்க, ஒரு சுத்துதான். ஒரு சுத்துக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தோம் கண்ணு, என்கிறாள், காலை எடுக்கவில்லை, பலகை பக்கவாட்டில் பறந்து பின்னால் போகிறது, அர்ஷத் கையைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறான், யுவராஜ் சாயங்காலம் கேட்பான், கண்ணு தெரியலையாம்மா என்று, தெரிஞ்சுதுடா என்பாள், நல்லாத் தெரிஞ்சுது, பலகை தெரிந்தது, அதைப் பிடித்த கை தெரிந்தது, பாதை, பனைமரம், வானம் எல்லாம் வேண்டிய உயரத்தில் தெரிந்தது, அடியில் தலையணை சுடுகிறது, ஓடுதளத்தின் சூடு முழுவதையும் எடுத்து வந்துவிட்டது போல, சுடட்டும், அடுத்த சுற்றிலும் வா என்றுதான் நீட்டுவார்கள், அதற்கடுத்த சுற்றிலும் நீட்டுவார்கள், யாராவது ஒருவர் அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வேறு எழுதுகிற வரைக்கும் சுற்றலாம், பெட்ரோல் இருக்கிறது.