ஒரு முழ ஓட்டம்

கணேஸுக்கு எல்லாம் தெரியும். என் கோபமே அதுதான். ஒன்றும் தெரியாத ஆள் செய்த காரியம் என்றால் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு லொறியில் ஏறித்தான் வந்தது. கண்டியில் ஒரு பல் டொக்டரின் கராஜில் பல வருடம் தூங்கிக் கிடந்த கார். இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இருவரையும்விட மூத்தது, கடும்பச்சை நிறம், இருக்கை இரண்டே இரண்டு. கூரை என்று இருந்த கன்வஸ் துணியை எலி தின்றுவிட்டது. மழைக்குப் பேர்போன ஊரில் கூரையில்லாத காரை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார் என் கணவர் கணேஸ். நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்தாரா என்று தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டேன்.

அவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. இரத்தம் சோதிக்கிற கை காரையும் அப்படித்தான் சோதித்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் முதல் நாளே எஞ்சினை முறுக்கிப் பார்த்துக் கெடுத்துவிடுவார்களாம். இவர் சாவியைத் தொடவே இல்லை. டாங்கியில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை வடித்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. பலாக்கொட்டைகூடச் சேர்த்து வைத்திருந்தது. டயரில் தேய்மானமே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, விரலால் ஓரத்தை வளைத்துக் காட்டினார். பாளம் பாளமாக வெடிப்பு. ஓடாமல் நின்றே கிழடு தட்டிப் போகுமாம் டயர். நாலையும் மாற்றினார். பற்றரியைக் கழற்றி சார்ஜ் போடக் கொடுத்தார். என் சமையலறை மேசையில் ஒரு வாரம் கார்பரேட்டர் இருந்தது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"மொதல்ல ஒழுங்கா நிக்கணும், அப்புறந்தான் ஓடணும்" என்பார், பிரேக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம். பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும் என்று, கட்டுகஸ்தோட்டையிலிருந்து மெக்கானிக் ஸிபானைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் கழற்ற வைத்தார். அந்தக் காரில் கிளட்சும் எண்ணெயில்தான் வேலை செய்வது. அதையும் வடித்தாயிற்று. ஹேண்ட்பிரேக் கம்பி துருப்பிடித்து ஒரு நூலில் தொங்கியது. புதுச் சாமான்கள் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஸிபான் முன் சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அண்ணே, சாமான் வார வரைக்கும் ஒரு அடியும் அசைக்க வாணாம். இப்ப இதுல பிரேக்கும் இல்ல, கிளட்சும் இல்ல. சும்மா தகரம்தான் ஈக்குது."

"எனக்குத் தெரியாதா ஸிபான்" என்றார் இவர். தெரியும். அதைத்தானே சொல்கிறேன்.

அன்று மாலை பன்விலயிலிருந்து அத்தை போன் பண்ணினார். என் மாமியார் வீரம்மா. தேயிலைத் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் புது வண்டிக்கு நாள் பார்த்துவிட்டாராம். வரும் சனிக்கிழமை காலை. அதை விட்டால் ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் வண்டி எடுக்கக்கூடாது.

"அம்மா, வண்டி இன்னும் ரெடியில்ல. பிரேக்கே கழட்டி வச்சிருக்கு."

"ஓட்ட வேணாம்பா. எலுமிச்சம்பழத்துல ஏறி எறங்கினா போதும். ஒரு மொழம்."

"பிரேக் இல்லாம எப்பிடிம்மா?"

"சரிப்பா. ஒன் இஷ்டம்."

அத்தை சண்டை போடுகிற ஆள் இல்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். கணேஸ் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் அவரே போன் எடுத்து, "வாங்கம்மா, தள்ளி ஏத்திரலாம்" என்றார். நான் பார்த்த பார்வைக்கு, "ஒரு முழம்தானே சஞ்சீ" என்று பதில் வந்தது. மாமியார் சொன்ன அதே முழம்.

சனிக்கிழமை வேன் பிடித்துக்கொண்டு அத்தை, பெரியப்பா, கணேஸின் மச்சான்மார் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். காருக்கு முன்னும் பின்னும் மாலை போட்டுச் சந்தனம் பூசினார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எங்கள் முற்றம் பார்வைக்குச் சமதரை மாதிரி இருக்கும். கண்டிப் பக்கத்தில் எங்கே இருக்கிறது சமதரை? தண்ணீர் ஊற்றினால் நேரே கேட்டுக்குத்தான் ஓடும். கேட்டுக்கு வெளியே எங்கள் ஒழுங்கை செங்குத்தாக இறங்கி, கீழே பஸ் ஓடுகிற வத்தேகம ரோட்டில் போய் முட்டுகிறது.

"கேட்டைச் சாத்திட்டுத் தள்ளுங்க" என்றேன்.

"நல்ல வண்டி கெளம்புற நேரத்துல யாராச்சும் வாசலச் சாத்துவாங்களாம்மா?" என்றார் அத்தை.

"அப்ப அந்தக் கட்டைய எலுமிச்சம்பழத்துக்கு அந்தப் பக்கம் வைங்க. அதுக்கு மேல போகாது."

"மங்கள காரியத்துக்கு முன்னால தடையா வைக்கிறது?" என்று பெரியப்பா இரண்டு கட்டைகளையும் தூக்கிப் பூச்சட்டிக்குப் பின்னால் எறிந்துவிட்டார். நான் கணேஸைப் பார்த்தேன். அவர் தன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அந்த வாயிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்து வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் பெரியவர்கள் ஏற வேண்டும் என்று அத்தையைப் பூசைத் தாம்பாளத்தோடு இடது பக்க இருக்கையில் உட்கார வைத்தோம். முழங்கால் நோவுக்காரர். அந்தக் காரோ தரையோடு தரையாக இருக்கும். நானும் ஒரு மச்சானும் கைத்தாங்கலாக இறக்கினோம். உட்கார்ந்த பிறகு அவரால் தானாக எழும்ப முடியாது. கணேஸ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பெரியப்பா தேங்காய் உடைத்தார்.

"தள்ளுங்கப்பா, நேரம் போவுது!"

தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, சக்கரம் அதில் ஏற மாட்டேன் என்றது. மூன்று பேரும் தோளைக் கொடுத்து ஒரே தம்மாகத் தள்ள, பெரியப்பாவும் கை வைத்தார். பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். கார் நிற்கவில்லை. கணேஸ் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது கையோடு மேலே வந்தது, அவ்வளவுதான், கம்பி அறுந்துவிட்டது. காரின் முன்பகுதி கேட்டைத் தாண்டியபோதும் ஒரு மச்சான் கைதட்டிக்கொண்டுதான் இருந்தான்.

நான் ஓடினேன். பின்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, மாலைதான் கையில் வந்தது. கிளட்ச் இல்லாமல் கியரைப் போட்டு நிறுத்த அவர் படாதபாடு படுகிற சத்தம், இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம், கேட்டது. கார் ஒழுங்கையில் இறங்கி வேகம் எடுத்தது. கீழே வத்தேகம ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் நின்றதில்லை. கத்தினேன். கத்தி என்ன செய்ய?

இடது பக்கம் முழுக்க மண் மேடு. புல் வளர்ந்த, மழையில் ஊறிய மெத்தென்ற மண். வலது பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற சீமெந்துக் கான், அதை ஒட்டிக் கீழ்வீட்டு மதில். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்திருந்தால் மூக்கு மண்ணில் புதைந்து கார் நின்றிருக்கும். காரும் தப்பியிருக்கும், அவர் காலும் தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் அத்தை உட்கார்ந்திருந்தார்; முதல் அடி அவருக்குத்தான்.

இடது பக்கம் ஒடிக்கப் போய், அவர் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். பிறகு முழு ஸ்டியரிங்கையும் வலது பக்கம் வெட்டினார். முன் சக்கரம் கானில் விழுந்தது. அவர் இருந்த பக்கம் மதிலோடு உரசிக்கொண்டே போய், மின்கம்பத்தில் அடித்து நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை மடியில் தாம்பாளத்தை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிகூட மூக்கிலிருந்து நழுவவில்லை. "என்னப்பா, நின்னுருச்சா?" என்றார். கணேஸின் வலது கால் உள்ளே எங்கோ மடங்கிக் கிடந்தது. கதவு இருந்த இடத்தில் மதில்தான் இருந்தது. அவரை வெளியே எடுக்க, தள்ளிய அதே நாலு பேரும் அரை மணித்தியாலம் பாடுபட்டார்கள்.

கால் இரண்டு இடத்தில் முறிவு. கண்டி ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டினார்கள். காரை இனிச் சரிசெய்ய முடியாது என்று ஸிபான் வந்து பார்த்துச் சொன்னான். "அண்ணனுக்கு இப்ப சொல்ல வாணாம்" என்றான். அவனுக்கே கண் கலங்கியது.

மறுநாள் வார்டுக்கு அத்தை, பெரியப்பா எல்லோரும் வந்தார்கள். அத்தை மகனின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"நல்ல நேரத்துல எடுத்ததாலதான் உசுரு தப்பிச்சோம். ராகுகாலத்துல எடுத்திருந்தா நெனச்சுப் பாரு. சும்மா ஓடுற வண்டிய அந்தப் பக்கமாத் திருப்பி, கம்பத்துல நிப்பாட்டினது மாரியம்மாதான். தம்பி கையில என்னா இருக்கு?"

பெரியப்பா தலையாட்டினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அந்தக் கை நின்ற கணத்தை நான் பார்த்தவள். சொல்லிவிடுவது என்று எழும்பினேன்.

"ஆமாம்மா" என்றார் கணேஸ், என்னைப் பார்த்துக்கொண்டே.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஏன் சொல்லல்ல? அவங்களுக்காக நீங்க செஞ்சத ஏன் சொல்லல்ல?"

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார்.

"சொன்னா, அம்மா இருந்ததாலதான் கால் ஒடைஞ்சிச்சின்னு ஆகிருமே சஞ்சீ. தெய்வம் திருப்பினதாவே இருக்கட்டும்."

பிறகு, "காருக்கு ரொம்ப அடியா?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கார் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. "அப்ப சரி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.